பாலமாகக் கிடந்த சிலுவை

"லண்டன்ல பார்க்க எவ்வளவோ இருக்கு சித்தி. இவ்வளவு தூரம் வந்து கல்லைப் பார்க்கணுமா?"

சுவான்சியில் படிக்கும் என் அக்கா மகள் இப்படித்தான் கேட்டாள். அவளைப் பார்க்க வேல்ஸ் வரை போயிருந்தேன். ஒரு நாளை அவள் என்னிடம் விட்டுவிட்டாள், "நீங்களே இடத்தைச் சொல்லுங்க" என்று. நான் சொன்ன இடம் மார்கம். அவள் அறையிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாத ஊர். இரண்டு ஆண்டாக அந்த வழியாகப் போய்வருகிறாள். ஒரு நாளும் இறங்கியதில்லை.

கார்டிஃபிலிருந்து சுவான்சிக்கு ரயிலில் போகிறவர்கள் போர்ட் டால்பட் நகரைத் தவறவிட முடியாது. கடலோரமாக நெடுந்தொலைவுக்கு எஃகு ஆலை நீண்டு கிடக்கிறது. துருவேறிய குழாய்கள், கன்வேயர் பாலங்கள், இரண்டு பெரிய ஊதுலைகள். ஆலைக்கு எதிர்ப்புறம் பச்சை மலை. மலைக்கும் ஆலைக்கும் நடுவே எம்4 நெடுஞ்சாலை. அந்த மலையடிவாரத்தில், மரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது நான் தேடிப்போன சிறிய அரும்பொருளகம்: மார்கம் கற்கள் அரும்பொருளகம்.

பெயருக்கு ஏற்றாற்போல் உள்ளே கற்கள்தான் இருக்கின்றன. தங்கம் இல்லை, கிரீடம் இல்லை. ஆனால் 1,500 ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தில் வாழ்ந்த மனிதர்கள் தங்கள் அன்புக்குரியவர்களின் பெயர்களை எப்படிக் காப்பாற்ற முயன்றார்கள் என்பதை அந்த ஒரே கட்டடத்தில் பார்த்துவிடலாம்.

மடாலயமும் அதற்கு முந்திய கற்களும்

1147ஆம் ஆண்டில் குளோஸ்டர் பிரபு ராபர்ட் கொடுத்த நிலத்தில், பிரான்சின் கிளேர்வோ மடத்திலிருந்து வந்த சிஸ்டெர்சியன் துறவிகள் இங்கே மடாலயம் எழுப்பினார்கள். சாயமிடாத கம்பளி அங்கி அணிந்ததால் இவர்களை 'வெள்ளைத் துறவிகள்' என்று மக்கள் அழைத்தார்கள். ஆடு வளர்ப்பு, விவசாயம், வழிபாடு என்று ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஓடின. 1536இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களைக் கலைத்தபோது மார்கமும் மூடப்பட்டது. சொத்து மேன்சல் குடும்பத்துக்கும், பிறகு அதன் வாரிசான டால்பட் குடும்பத்துக்கும் போனது.

இன்று தேவாலயத்தின் நடுக்கூடம் மட்டும் முழுமையாக நிற்கிறது. ஊர் மக்கள் இப்போதும் அங்கேதான் வழிபடுகிறார்கள். பக்கத்தில், துறவிகள் கூடிப் பேசிய மண்டபத்தின் சுவர்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு பக்கம். உள்ளே போனால் வட்டம். 1799இல் அதன் கல் கூரை இடிந்து விழுந்தது. இப்போது கூரைக்குப் பதில் வானம்.

அரும்பொருளகம் தேவாலயத்துக்கு அருகில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. வேல்ஸின் தொடக்ககாலத் தேவாலயப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. டால்பட் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் சுற்றுவட்டாரத்திலிருந்து சேகரித்து வைத்த கற்களை 1932இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது வேல்ஸின் பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் 'கேடு' அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

மடாலயத்தின் சிற்பத் துண்டுகளும் பிற்காலக் கல்லறைக் கற்களும் உள்ளே உண்டு. ஆனால் மிகவும் பேசப்படும் கற்கள் மடாலயத்தைவிடப் பழையவை. வெள்ளைத் துறவிகள் வருவதற்கு முன்பே இங்கே ஒரு மடம் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு அந்தக் கற்களே முக்கியச் சான்று.

படித்தால் ஆயுசு குறையும்

கதவைத் தாண்டியதும் என் அக்கா மகள் போன கல் போட்வோக்கின் கல். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பார்ப்பதற்கு ஒரு சாதாரணத் தூண். அதில் லத்தீனில் செதுக்கியிருப்பதன் பொருள் இதுதான்: 'போட்வோக் இங்கே கிடக்கிறான், கத்தோதிகிர்னின் மகன், எத்தெர்னாலிஸ் வெடொமாவின் கொள்ளுப்பேரன்.'

'எத்தெர்னாலிஸ்' என்றால் லத்தீனில் நித்தியன், அழிவற்றவன் என்று பொருள். ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போய் நூறாண்டுக்கு மேல் ஆகியும், தன் கொள்ளுத்தாத்தாவுக்கு ரோமானியப் பெயர் இருந்ததைக் கல்லில் பதித்துப் பெருமைப்பட்டிருக்கிறது ஒரு குடும்பம்.

இந்தக் கல் மார்கம் மலையுச்சியில், அதைவிடப் பல நூறு ஆண்டு பழைய ஒரு புதைமேட்டின் மேல் நின்றது. அதைப் பற்றி 'பிரிட்டானியா' என்ற புகழ்பெற்ற நூலில் வில்லியம் கேம்டன் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். இந்த எழுத்துகளைப் படிப்பவர் சீக்கிரமே இறந்துவிடுவார் என்று சுற்றுவட்டார மக்கள் நம்பினார்களாம். மலையில் இன்று நிற்பது நகல். அசல் இங்கே, கூரைக்குக் கீழே.

"சித்தி, நான் படிச்சிட்டேன்" என்றாள் அக்கா மகள், கல்லிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டு.

"படிச்சிட்டீங்களா? அப்படின்னா ரோட்டைக் கவனமாக் கடங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். பேரனைக் கையில் பிடித்திருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மைல்கல்லின் முதுகில் ஒரு கல்லறை

இரண்டு பக்கமும் எழுத்துள்ள கல் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் ரோமானியப் பேரரசர் மாக்சிமினின் பெயர். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலையோரம் நட்ட மைல்கல் அது. ரோமானியர் போன பிறகு யாரோ ஒருவர் அதைப் பெயர்த்தெடுத்து, மறுபக்கத்தில் வேறு செய்தியைச் செதுக்கியிருக்கிறார்: 'இங்கே கந்துசுஸ் கிடக்கிறான், தந்தை பவுலினுஸ்.'

கல்வெட்டு அவ்வளவுதான். பேரரசரின் பெயருக்கு அந்தக் காலத்தில் மதிப்பு போயிருக்கலாம். கல் நல்ல கல். அதை வீணாக்காமல் ஒரு மனிதனின் பெயரைச் சுமக்க வைத்துவிட்டார்கள்.

அடுத்து பும்பேயஸ் கல். மணல்மேடுகளுக்குள் புதைந்துபோன கென்ஃபிக் என்ற பழைய ஊருக்கு அருகே, ரோமானியச் சாலையோரம் நின்றது. முன்பக்கம் லத்தீன் எழுத்து. விளிம்பில் வரிசை வரிசையாகக் கோடுகள். முதலில் பார்க்கும்போது யாரோ கத்தியைத் தீட்டிய தடம் என்றே நினைத்தேன். அது ஓகம் என்னும் எழுத்துமுறை. கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்துக்கொண்டு, அதற்கு இடப்பக்கம், வலப்பக்கம், குறுக்கே என்று ஒன்று முதல் ஐந்து வரை கீறல்கள் போடுவார்கள். எத்தனை கீறல், எந்தப் பக்கம் என்பதை வைத்து எழுத்து மாறும். பழைய ஐரிஷ் மொழியை எழுதப் பயன்பட்டது. அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கீறல்கள் சாட்சி. நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை பார்த்துப் பழகிய ஊரிலிருந்து வந்த எனக்கு, இந்த இருமொழிக் கல்லின் முன்னால் கூடுதலாகச் சில நிமிடங்கள் நிற்கத் தோன்றியது.

எழுத்துப்பிழையோடு ஒரு பிரார்த்தனை

கூட்டம் வந்தால் எல்லாரும் முதலில் போவது கொன்பெலின் சிலுவைக்குத்தான். சுமார் 1,100 ஆண்டு பழையது. லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் சிலுவை, இடைவெளி முழுவதும் பின்னல் வேலைப்பாடு. ஒரு இழையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு தொடர்ந்தால் அது மேலேறி, கீழிறங்கி, மற்றோர் இழைக்குள் நுழைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்னலை மாவுக்குப் பதில் உளியால் செய்திருக்கிறார்கள். தண்டின் இரு பக்கமும் மரியாளும் யோவானும் நிற்கிறார்கள். அடிப்பீடத்தில் குதிரையேறிய வேட்டைக்காரர்களும் நாய்களும் ஓடுகிறார்கள். செய்தவர், அல்லது செய்யச் சொன்னவர், கொன்பெலின். தம் பெயரைக் கல்லிலேயே சொல்லியிருக்கிறார்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது வேறொரு கல். வேலைப்பாட்டில் கொன்பெலினின் சிலுவைக்கு அருகில்கூட அது வராது. லத்தீனும் சரியில்லை. கிறிஸ்துவின் பெயரையே, எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். படித்தவர் கண்ணில் பட்டால் சிவப்பு மையால் திருத்துவார். பொருள் இதுதான்: 'உன்னதக் கடவுளின் பெயரால், அஹெஸ்ட்டின் ஆன்மாவுக்காக க்ருட்னே செய்த கிறிஸ்துவின் சிலுவை.'

இன்னொரு கல்லில் என்னியாவுன் என்பவர் குவொர்கோரெட்டின் ஆன்மாவுக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறது. இந்தக் கற்கள் பலவற்றின் இலக்கணமே இதுதான்: இன்னார், இன்னாருக்காக. அஹெஸ்ட் க்ருட்னேவின் மனைவியா, அண்ணனா, பிள்ளையா? கல் சொல்லவில்லை. வழியில் போகிறவர்கள் படித்து, அந்த ஆன்மாவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். அதற்கு உறவுமுறை தேவையில்லை, பெயர் போதும்.

ஓடையின் மேல் நடந்தவர்கள்

இவை எல்லாம் இவ்வளவு காலம் பத்திரமாக இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. இல்சி, இல்குவிசி என்ற பெயர்களால் அறியப்படும் சக்கரச் சிலுவைகளைப் பாருங்கள். வேலைப்பாடு மழுங்கிப் போயிருக்கிறது. மழையும் காற்றும் மட்டும் காரணமல்ல. பண்ணை ஓடையைக் கடக்க, சிலுவையைப் படுக்கப் போட்டு நடைபாலமாக்கியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர்களும் மாடுகளும் அதன் மேல் நடந்திருக்கிறார்கள்.

கோபப்படத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயிக்கு நீளமான, உடையாத, தட்டையான கல் கிடைத்தால் என்ன செய்வார்? பாலமாக இருந்ததால்தான் அதை யாரும் உடைத்துச் சுவருக்குள் வைத்துக் கட்டவில்லை. அதே ஓடையைக் கடந்த யாரோ ஒருவர், ஒரு நாள், குனிந்து பார்த்து 'இதில் ஏதோ செதுக்கியிருக்கிறதே' என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் குனிந்ததால்தான் கல் இன்று கூரைக்குக் கீழே இருக்கிறது.

சிங்கப்பூருக்கு அப்படி ஒருவர் சரியான நேரத்தில் கிடைக்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் உயரத்தில், இன்றுவரை யாராலும் படிக்க முடியாத எழுத்துகளோடு ஒரு பெரும் பாறை நின்றது. 1843இல் இடத்தை அகலப்படுத்த அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிதறியவற்றில் சில துண்டுகளை ஓர் அதிகாரி மீட்டு கல்கத்தாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்று திரும்பி வந்து, இப்போது நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைக் கடந்து போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் கடந்துதான் போயிருக்கிறேன். மார்கமில் அந்த நடைபாலத்தின் முன்னால் நின்றபோதுதான் அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது.

ஆலைக்காரரின் பெயர்த்தகடு

சாபத்தைப் பற்றி எச்சரித்த பெரியவர் க்ருட்னேவின் கல்லருகே மறுபடியும் சேர்ந்துகொண்டார். "இந்த ஆளை எனக்குப் பிடிக்கும். என்னைப் போலவே எழுத்துப்பிழை விடுவார்" என்றார். எதிரேயிருக்கும் எஃகு ஆலையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர். சிறுவயதில் பள்ளியிலிருந்து ஒரு முறை இங்கே கூட்டிவந்தார்களாம். "எப்போது வெளியே விடுவார்கள் என்றிருந்தது. இப்போது வேலை இல்லை, அடிக்கடி வருகிறேன்."

அந்த ஆலையின் பழைய பெயர் 'அபி வொர்க்ஸ்'. மடாலய ஆலை என்று சொல்லலாம். இந்த மார்கம் மடாலயத்தின் நினைவாக வைத்த பெயர். 1951இல் திறந்தார்கள். 1960களில் சுமார் 18,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். 2007இல் இந்தியாவின் டாடா ஸ்டீல் அதை வாங்கியது. தொடர் நட்டமும் கரிம வெளியேற்றமும் காரணமாக, பழைய ஊதுலைகளை மூட முடிவானது. கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30ஆம் தேதி நின்றது. அந்த நகரில் ஏறத்தாழ 2,000 வேலைகள் போயின. பழைய இரும்பை உருக்கி எஃகு செய்யும் மின்வில் உலை அதற்குப் பதிலாக வருகிறது. அதற்கு அவ்வளவு ஆள் தேவையில்லை.

"ஆலை கட்டும்போது என் தாத்தா மண் சுமந்தார். அப்பா உலையில் வேலை செய்தார். பிறகு நான்" என்றார் பெரியவர். பேரனைப் பார்த்தார். வரிசையை அதற்கு மேல் சொல்லவில்லை.

கடைசி நாளில் என்ன எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் சிரித்தார். "என் அலமாரிக் கதவில் இருந்த பெயர்த்தகடு. ஸ்குரூ டிரைவர் கொண்டுபோய்க் கழற்றினேன். அதற்கு அடியில் இன்னொரு தகடு இருந்தது. எனக்கு முன்னால் அந்த அலமாரியை வைத்திருந்தவருடையது. அவரை எனக்குத் தெரியாது. அதையும் எடுத்து வந்துவிட்டேன்."

அந்த இரண்டாவது தகட்டை என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறதாம். பேரன் இதற்குள் கொன்பெலினின் வேட்டை நாய்களை எண்ணி முடித்து, தாத்தாவின் சட்டையை இழுக்கத் தொடங்கிவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு

கார்டிஃப் அல்லது சுவான்சியிலிருந்து போர்ட் டால்பட் பார்க்வே நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்து அல்லது டாக்சி. கற்கள் அரும்பொருளகம் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. கேடு அமைப்பின் இணையத்தளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இல்லையென்றால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

பக்கத்திலேயே மார்கம் பூங்கா. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அங்கேயே பாதி நாள் போய்விடும். பன்னிரண்டு பக்க மண்டபத்தின் இடிபாடும், 18ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கக் கட்டிய மிக நீளமான கண்ணாடிச் சன்னல் மாளிகையும், டால்பட் குடும்பத்தின் 19ஆம் நூற்றாண்டு மாளிகையும் அதற்குள் இருக்கின்றன. அந்த மாளிகையை 1841 மார்ச் 9ஆம் தேதி எடுத்த படம், வேல்ஸில் தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழைய புகைப்படம். மழைக்கோட்டை மறக்காதீர்கள். அரும்பொருளகத்துக்குள் கற்களைத் தொடாதீர்கள். ஆனால் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள், போட்வோக்கின் பெயரையும்தான். எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

திரும்பும் ரயிலில் அக்கா மகள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆலையின் இரண்டு ஊதுலைகளும் கடந்து போயின. புகை இல்லை. அவள் கைப்பேசியில் எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கொன்பெலினின் பெரிய சிலுவையைத்தான் அனுப்புவாள் என்று நினைத்தேன். அவள் அனுப்பியது அந்த எழுத்துப்பிழைக் கல்லை.

சிங்கப்பூரில் இரவு பதினொரு மணி. அம்மா இன்னும் தூங்கவில்லை. பதில் உடனே வந்தது.

"ஏதோ எழுதியிருக்கே, யார் பேருடி அது?"

அக்கா மகள் பெரியவர் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தமிழிலேயே தட்டினாள்: "அஹெஸ்ட், பாட்டி. க்ருட்னேன்னு ஒருத்தர் அவங்களுக்காகச் செஞ்சது."